எடுபிடி விழுங்கியது

4 அக்டோபர் 2009, ஞாயிறு

காலை முழுக்க எடுபிடிக்கு வைத்தியம் பார்த்தேன். இட்லி ஆறிப்போய், என் வீட்டுக்காரர் நம்பி இரண்டு முறை அறை வாசலில் வந்து நின்று தொண்டையைக் கனைத்தும், நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

அடுத்த பருவத்தில் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு இதைப் பாடமாக நடத்தலாம் என்று ஓர் எண்ணம். அதனால் விளக்கமாகவே எழுதி வைக்கிறேன். எடுபிடி என்பது நான் எழுதிய நிரல். எங்கள் கலைச்சொல் குழு கூடும் ஐ.ஆர்.சி. அரட்டை அறையில் அதுவும் ஓர் ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆங்கிலச் சொல்லைக் கேட்டால் எங்கள் தொகுப்பிலிருந்து தமிழ்ச் சொல்லை எடுத்துக் கொடுக்கும். அறையில் இல்லாத ஒருவருக்குச் சேதி விட்டுப்போனால், அவர் வந்ததும் சொல்லிவிடும். லீவு கேட்காத வேலையாள்.

சர்வரிலிருந்து அதற்கு எல்லாமே ஒற்றை வரியாகத்தான் வரும். வரியின் தலையில் ஒரு முக்காற்புள்ளி (:). அதை ஒட்டி அனுப்பியவர் பெயரும், எந்த ஊர்க் கணினியிலிருந்து வருகிறார் என்பதும். அடுத்து ஒரே சொல்லில் செயல்: நுழைந்தாரா, பேசினாரா, விலகினாரா. அடுத்து எங்கே. அதன் பிறகு இன்னொரு முக்காற்புள்ளி, அதிலிருந்து கடைசிவரை பேச்சு. எடுபிடி இதை நான்கு அறையுள்ள அஞ்சறைப் பெட்டியில் பிரித்துப் போட்டுக்கொள்ளும். யார், என்ன செய்தார், எங்கே, என்ன சொன்னார். அதற்கு மனிதர் என்றால் இந்த நான்கு அறைதான்.

நான் செய்த கோளாறு என்னவென்றால், வரியை எல்லா முக்காற்புள்ளியிலும் வெட்டிவிட்டேன். பேச்சுக்குள்ளேயே ஒரு முக்காற்புள்ளி வந்தால் அதற்குப் பிறகு இருப்பது போயே போய்விடும். இதைக் கண்டுபிடித்துப் புகார் கொடுத்தவர் தேவசகாயம் அண்ணாச்சி. வேறு யார் கண்டுபிடிப்பார்கள்? தூத்துக்குடியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். முக்காற்புள்ளி, அரைப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் போட்டு, ஒரு வாக்கியத்தை நான்கு ஊர் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் வினைமுற்றுக்குக் கொண்டுவருவார்.

சரிசெய்துவிட்டு அவருக்குப் போன் போட்டேன். "அண்ணாச்சி, இனிமே ஒரு எழுத்தக்கூட விழுங்காது" என்றேன்.

"விழுங்கட்டும்மா. என் வாக்கியத்துல பாதி போனா வாசிக்கிறவங்களுக்குப் புண்ணியம்" என்றார்.

தொகுப்பு நாங்கள் இரண்டு பேரும் வருடக்கணக்காகச் சேர்த்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை. பெரும்பாலும் அவர் சொல்தான் உள்ளே போயிருக்கிறது. அதனால் எனக்கு ஒன்றுமில்லை.

6 அக்டோபர், செவ்வாய்

எடுபிடி நேற்றிலிருந்து மயங்கி மயங்கி விழுகிறது. தமிழில் ஓர் எழுத்து மூன்று பைட்டாக, அதாவது மூன்று துண்டாக வரும். எப்போதாவது ஒரு துண்டோ இரண்டோ மட்டும் வந்தால், இது என்ன எழுத்து என்று தெரியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடுகிறது. செரிக்காததைத் துப்பிவிட்டு மேலே போ, யாரிடமும் சொல்லாதே என்று ஒரு கட்டளை சேர்த்தேன். இப்போது திடமாக இருக்கிறது. ரேஷன் கடைக்குப் போய் நின்றேன், பருப்பு வரவில்லை.

8 அக்டோபர், வியாழன்

அறைக்குப் புது ஆள் ஒருவர் வந்தார். வரதன், சென்னையில் ஒரு பதிப்பகத்தில் ஆசிரியர் குழுவில் இருக்கிறாராம். தொகுப்பைப் புத்தகமாகப் போட ஆசைப்படுகிறார்கள். எனக்கு நாற்காலியிலேயே இருப்புக் கொள்ளவில்லை.

ஆனால் அவர் வந்ததும் கேட்ட கேள்வி: "தேவசகாயம் சார் போன மாசம் ஆபீஸ் வந்தப்போ பேசினோமே, அதையே ஃபைனல் பண்ணிடலாமா?"

போன மாதம் அண்ணாச்சி சென்னைக்குப் போனாரா? என்னிடம் சொல்லவில்லையே. தும்மினால்கூட எனக்குச் சொல்லுகிற மனிதர். அவர் அப்போது அறையில்தான் இருந்தார். "பிறகு பேசுவோம்" என்று மட்டும் எழுதினார். இரண்டே சொல். அந்த மனிதர் எழுதுகிற நீளமா அது? கொஞ்ச நேரத்தில் வரதன் விலகினார். உடனே அண்ணாச்சியும் விலகினார். ஒரே சமயத்தில் கிளம்பினார்களா, தற்செயலா?

9 அக்டோபர், வெள்ளி

அண்ணாச்சி இன்று அறைக்கு வரவில்லை.

11 அக்டோபர், ஞாயிறு

பாடத்துக்கு எடுத்துக்காட்டு வரிகள் வேண்டும் என்று எடுபிடி தனக்கு வந்த வரிகளைச் சேர்த்து வைத்திருக்கும் பதிவைத் திறந்தேன். அதற்காகத்தான் திறந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு வரி வந்திருக்கிறது. யார்: அண்ணாச்சி. செயல்: பேச்சு. எங்கே என்ற இடத்தில் அறையின் பெயர் இல்லை, எடுபிடியின் பெயர் இருந்தது. அதாவது அறைக்குள் எல்லார் கண்ணிலும் படாமல், எடுபிடியின் காதில் மட்டும் ஓதிவிட்டுப் போயிருக்கிறார், வரதனிடம் சொல்லச் சொல்லி. அப்படியே எழுதிக்கொள்கிறேன்:

"வரதன் அவர்களுக்கு: நீங்கள் கேட்டபடி கலைச்சொல் தொகுப்பை என் ஒருவன் பெயரில் வெளியிடச் சம்மதம் என்று நான் உங்கள் அலுவலகத்தில் சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பது உண்மை"

மூன்று தடவை வாசித்தேன். என் ஒருவன் பெயரில். உண்மை.

எத்தனை விடுமுறை, எத்தனை ஞாயிறு இந்தத் திரைக்கு முன்னால் போனது! குளிர்சாதனப் பெட்டியில் மாவு புளித்து, நம்பி ஓட்டலில் சாப்பிட்ட நாள்கள் எத்தனை! கடைசியில் நான் யார்? எடுபிடி.

12 அக்டோபர், திங்கள்

ஒவ்வொன்றாக இப்போதுதான் விளங்குகிறது. மார்ச்சில் முன்னுரை எழுதுவதைப் பற்றிப் பேச்சு வந்தபோது "அத நான் பாத்துக்கிடுதேன், நீங்க அலட்டிக்கிடாதிய" என்றார். அன்றைக்கு அது அன்பு மாதிரி கேட்டது. கோப்பின் கடைசிப் பிரதியைத் தனக்கு ஒரு சிடியில் போட்டு அனுப்பச் சொன்னார். நானும் கூரியரில் அனுப்பினேன், பாதுகாப்பாகப் பஞ்சு வைத்து.

சாயங்காலம் நம்பியிடம் சொன்னேன். அவர் மின்வாரியத்துக்காரர், ஃபியூஸ் போனால் முதலில் கம்பத்தைப் பார்க்க வேண்டும் என்பார்.

"அவர்ட்டயே கேட்டுற வேண்டியதுதான?"

"எப்படித் தெரியும்னு கேட்டா என்ன சொல்ல?"

"எப்படித் தெரியும்?"

"எடுபிடி வரியில இருந்துச்சு."

"அடுத்தவருக்கு எழுதுனத நீ படிச்சிருக்க."

"படிக்கல. பார்வையில பட்டுச்சு."

நம்பி பேப்பரை எடுத்து முகத்துக்கு முன்னால் விரித்துக்கொண்டார். அவருக்கு என்ன தெரியும்? திருடனைப் பிடித்தவளிடம் நீ எப்படிச் சுவர் ஏறினாய் என்று கேட்கிற ஆள்.

14 அக்டோபர், புதன்

ஒரு சின்னத் தூண்டில் போட்டேன். அறையில் அண்ணாச்சியைப் பார்த்ததும், "புத்தகத்துக்கு ஆசிரியர் பெயர் எப்படிப் போடப் போகிறார்களாம்?" என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன்.

அவர் வெகுநேரம் கழித்து எழுதினார். "தீபாவளி கழியட்டும், நானே நேரில் வந்து எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லுகிறேன், அதுவரை நீங்கள் இதில் மனத்தைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம்."

விளக்கமாகச் சொல்ல என்ன இருக்கிறது? பெயர் போடுவதில் விளக்கம் எதற்கு? நேரில் வந்து, சட்டையில் பேனா செருகிக்கொண்டு, காரியம் முடிந்த பிறகு எனக்கு ஆறுதல் சொல்லப் போகிறார்.

16 அக்டோபர், வெள்ளி

வரதன் அட்டைப்படத்தைக் குழுவின் மடலுக்கு அனுப்பியிருக்கிறார். தொகுப்பாசிரியர்: தே. தேவசகாயம். எழுத்துரு நன்றாகவே இருக்கிறது. நன்றிப் பக்கமும் வைத்திருந்தார்கள், என் பெயர் அங்கேதான்: "ஆவுடையம்மாள் உள்ளிட்ட நண்பர்களுக்கு."

உள்ளிட்ட!

முறுக்குக்கு மாவு பிசைந்தேன். உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன் போலிருக்கிறது.

17 அக்டோபர், சனி. தீபாவளி

காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே போன். அண்ணாச்சி நம்பர். வருடா வருடம் முதல் போன் அவருடையதுதான். அடிக்கட்டும் என்று விட்டேன். மறுபடியும் அடித்தது. நம்பி என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், எழுந்து போய்ச் சரவெடியைக் கொளுத்தினார். வெடி முடிந்தபோது போனும் நின்றிருந்தது.

18 அக்டோபர், ஞாயிறு

எடுபிடிக்கு இன்று ஒரு புது வேலை கொடுத்தேன். "நுழைந்தார்" என்ற வரி வந்து, யார் என்ற அறையில் அண்ணாச்சியின் பெயர் இருந்தால், உடனே வெளியே தள்ளிக் கதவைச் சாத்து. அறையின் நிர்வாகி நான். எனக்கு அந்த உரிமை இருக்கிறது.

பதினோரு மணிவாக்கில் அவர் நுழைந்தார். தள்ளியது. மறுபடி நுழைந்தார். தள்ளியது. கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்றாவது முறையும் வந்தார். மனசாட்சி உள்ளவர் முதல் தடவையிலேயே புரிந்துகொண்டிருப்பார். எடுபிடி சுணங்காமல் தள்ளியது. பிறகு வரவில்லை.

19 அக்டோபர், திங்கள்

குழுவில் இருக்கும் எல்லாருக்கும் மடல் எழுதிவிட்டேன். பெயரைச் சொல்லியே எழுதினேன், பூசி மெழுகவில்லை. பொது உழைப்பைத் தன் சொத்தாக்கிக்கொண்டார், என் முதுகுக்குப் பின்னால் பேரம் பேசினார், இனி அவருக்கு இந்தக் குழுவில் இடமில்லை. துரோகம் என்ற சொல்லை இரண்டு இடத்தில் போட்டேன். அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

20 அக்டோபர், செவ்வாய்

மடலுக்குப் பதில்கள் வருகின்றன. "நான் அப்பவே நினைச்சேன்" என்று நான்கு பேர். அப்பவே நினைத்தவர்கள் அப்பவே சொல்லியிருக்கலாம்.

22 அக்டோபர், வியாழன்

அண்ணாச்சி கடைசியில் வாய் திறந்தார், குழு மடலில்: "வணக்கம். மடல்களை நான் அச்சகத்தில்தான் பார்ப்பேன்; அது விடுமுறையாக இருந்ததால் அட்டையையும் ஆவுடையின் மடலையும் இன்றுதான் பார்த்தேன். என் ஒருவன் பெயரில் வெளியிட நான் சம்மதிக்கவில்லை. அதை வரதனுக்கு எழுதியே தெரிவித்திருக்கிறேன். அவரைக் கேட்கலாம்."

வரதனைக் கேட்டார்கள். எடுபிடி தன்னிடம் கொண்டுவந்து கொடுத்த சேதியை அவர் அப்படியே எடுத்துப் போட்டார். "உண்மைன்னு சாரே எழுதியிருக்காரே. அதை வெச்சுத்தானே அட்டை போட்டோம்."

அதற்குப் பிறகு அண்ணாச்சியிடமிருந்து ஒரு வரி இல்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவர் என்ன எழுதுவார்?

நல்ல மழை. மாடியில் காயப்போட்ட வடகம் நனைந்துவிட்டது.

24 அக்டோபர், சனி

வரதனுக்கு என் நிலையைத் தெளிவாகத் தெரிவித்துவிடுவது நல்லது என்று தோன்றியது. அறையில் அவர் இல்லை, எடுபிடியிடம் சொல்லிவிட்டு வந்தேன். ஒரே வாக்கியம்தான், ஆனால் நறுக்கென்று. பல வருட உழைப்பைச் சொல்லி, அட்டையைச் சொல்லி, நன்றிப் பக்கத்தைச் சொல்லி, அண்ணாச்சியைச் சொல்லி, அவர் செய்தது துரோகம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை என்று முடித்தேன்.

அண்ணாச்சி பார்த்தால் நடையைப் பாராட்டியிருப்பார். எதற்கு இது நினைவுக்கு வருகிறது!

25 அக்டோபர், ஞாயிறு

வரதனின் பதில் காலையில் காத்திருந்தது.

"சந்தேகம்னா ஏன் மேடம் அவரை நீக்கினீங்க? கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாமே."

என்ன உளறுகிறார் என்று எரிச்சலாக இருந்தது. எனக்குச் சந்தேகம் இருப்பதாக நான் எங்கே சொன்னேன்? எடுபிடி அவருக்குக் கொடுத்ததை எடுத்துப் பார்த்தேன். "அவர் செய்தது துரோகம் என்பதில் எனக்குச் சந்தேகம்" என்று இருந்தது. அவ்வளவுதான். "இல்லை" இல்லை.

அடுப்பில் பால் பொங்கி அணைந்த வாசனை வந்தது.

ஐ.ஆர்.சி.யில் ஒரு வரிக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்டுக்கு மேல் இடமில்லை. இது எனக்குத் தெரியாததா? வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழுக்கு மூன்று, அதிலும் கொம்புக்குத் தனியாக மூன்று, மேலே வைக்கும் புள்ளிக்குத் தனியாக மூன்று. இருபது சொல் எழுதுவதற்குள் இடம் தீர்ந்துவிடும். மிச்சத்தைச் சர்வர் கேட்காமல் கொள்ளாமல் வெட்டி எறிந்துவிடும். வெட்டு எழுத்தின் நடுவில் விழுந்தால் துண்டு மிஞ்சும். அந்தத் துண்டைத்தான் துப்பிவிடு, யாரிடமும் சொல்லாதே என்று நான் எடுபிடிக்குச் சொல்லி வைத்திருந்தேன். ஆகவே அறுந்த வரி அறுந்த மாதிரியே தெரியாது. முழு வாக்கியம் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும்.

வெள்ளைக்காரனுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. அவன் இல்லை, முடியாது என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறான். வால் போனாலும் தலை தப்பும். நாம் எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் அல்லவா இல்லை என்கிறோம்.

அண்ணாச்சியின் வரியை எடுத்தேன். இந்தத் தடவை எடுபிடியின் பதிவில் அல்ல, துப்பாத மூல வரியாக, வந்தது வந்தபடி பார்த்தேன். "உண்மை" என்பதற்குப் பின்னால் இரண்டு பைட் இருந்தது. முற்றுப்புள்ளி இல்லை. கல்யாணப் பத்திரிகையில்கூட முற்றுப்புள்ளியைத் தேடுகிற மனிதர், முற்றுப்புள்ளி வைக்காமல் ஒரு வாக்கியத்தை விட்டிருக்கிறார் என்று பார்த்தும், எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லையே.

உண்மையில்லை. அப்படித்தான் எழுதியிருப்பார்.

ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மூன்றாவது பைட் இருந்தால்தான் எந்த எழுத்து என்று தெரியும். ய என்ற எழுத்துக்கும் முதல் இரண்டு இதேதான், த என்ற எழுத்துக்கும் இதேதான். உண்மையில்லை என்றும் இருந்திருக்கலாம், உண்மைதான் என்றும் இருந்திருக்கலாம். நாலு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். இயந்திரத்தில் இதற்குமேல் எதுவும் இல்லை.

அவரிடம்தான் கேட்க வேண்டும். நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

26 அக்டோபர், திங்கள்

தூத்துக்குடி போய் வந்தேன். பேருந்தில் ஜன்னல் ஓரம் கிடைத்தும் எதையும் பார்க்கவில்லை.

அச்சகத்தில் அவர் மேசையில் ஒரு புதுமனை புகுவிழாப் பத்திரிகையைத் திருத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "வாங்க மேடம். டீ சொல்லட்டுமா?" என்றார். மேடம்.

நான் காகிதத்தை விரித்து, வரி எப்படி வருகிறது, எங்கே வெட்டுகிறது, எழுத்துக்கு எத்தனை பைட் எல்லாவற்றையும் சொன்னேன். பாடம் நடத்துகிற மாதிரியே சொன்னேன், வேறு மாதிரி சொல்லத் தைரியம் வரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"ரெண்டு மாதிரியும் இருக்கலாம் அண்ணாச்சி. உண்மையில்லைன்னா, இல்ல உண்மைதான்னா? அத உங்க வாயால கேட்டுட்டா…"

"இத கேக்கதுக்கா பஸ் ஏறி வந்திய?"

நான் தலையாட்டினேன்.

"சரி, மெஷினு வெட்டிட்டு. அது பாவம், அதுக்கு என்ன தெரியும்? குழு மடல்ல நான் சம்மதிக்கலன்னு எழுதுனேனே. அது முழுசாத்தான வந்துச்சு? அதுல எங்கன அறுந்துச்சு?"

விரித்த காகிதத்தை மடித்து வைத்தேன். பக்கத்தில் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடியது நல்லதாகப் போயிற்று.

டீ வந்தது. அவரே பேசினார். சென்னையில் வரதன் ஒரே பெயராகப் போட்டுவிடலாமா என்று கேட்டபோது இவர் "பாப்போம்" என்றிருக்கிறார். மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூசி நாம் எல்லாரும் சொல்லுகிற அதே பாப்போம். அவர்கள் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். "உங்ககிட்ட அப்பவே சொன்னா, நீங்க அவங்க மேல பாஞ்சு புத்தகமே நின்னு போயிரும்னு பயந்தேன். முடிச்சுட்டு சொல்லலாம்னு இருந்தேன். உண்மையில்லைன்னுதான் எழுதினேன். அதுக்குப் பெறவும் எழுதியிருந்தேன், ஆவுடை பேரு மொதல்ல வரணும், எம் பேரு ரெண்டாவது வரணும், இல்லன்னா புத்தகமே வேண்டாம்னு. அதெல்லாம் போயிருச்சு போல."

"வெளிய தள்ளினது… அது நான்தான்" என்றேன்.

"தெரியும். உங்க மடலப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. அன்னைக்கு நெட்டுதான் சரியில்லையோன்னு வீட்டு மோடத்த ரெண்டு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனேன். தீபாவளி வாழ்த்து சொல்லலாம்னு வந்தேன், போன எடுக்கலியேன்னு."

அழுதுவிடக் கூடாது என்று டீயைக் குடித்தேன். சுட்டது. அவர் பேனாவை எடுத்து, பத்திரிகையில் விட்ட இடத்திலிருந்து திருத்தத் தொடங்கினார்.

1 நவம்பர், ஞாயிறு

குழுவுக்கு மடல் எழுதினேன். நடந்தது எல்லாவற்றையும் எழுதி, மன்னிப்புக் கேட்டேன். முதலில் எழுதியதில் எடுபிடியின் தவறு, சர்வரின் வரம்பு என்று இரண்டு பத்தி இருந்தது. நம்பி வாசித்துவிட்டு, "கம்பத்துல கோளாறு இல்ல ஆவுடை, வீட்டுக்குள்ளதான்" என்றார். அந்த இரண்டு பத்தியையும் அழித்தேன்.

அந்த வரி என் கண்ணில் எப்படிப் பட்டது என்று யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவில்லை.

3 நவம்பர், செவ்வாய்

"நான் அப்பவே நினைச்சேன், அவர் அப்படிப்பட்டவர் இல்லைன்னு." அதே நான்கு பேர்.

15 நவம்பர், ஞாயிறு

அண்ணாச்சி அறைக்கு வந்தார்! தள்ளச் சொன்ன கட்டளையை முன்பே நீக்கியிருந்தேன்; எடுபிடி வணக்கம் சொன்னது. "வணக்கம்" என்றார். எல்லாரும் நலம் விசாரித்தார்கள். நானும் விசாரித்தேன். "நலம்" என்றார்.

எடுபிடியைத் திருத்திவிட்டேன். துண்டு எழுத்து வந்தால் இனி துப்பாது. வரியின் கடைசியில் ஒரு வெட்டுக்குறி போடும், எழுதியவரிடம் "உங்கள் பேச்சு அறுந்துவிட்டது, மிச்சத்தை அனுப்புங்கள்" என்று கேட்டு வாங்கிச் சேர்க்கும்.

10 ஜனவரி 2010, ஞாயிறு

புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் இரண்டு பெயர், என்னுடையது முதலில். பாலிடெக்னிக்கில் முதல்வர் கூப்பிட்டுச் சால்வை போட்டார். பிரதியை அண்ணாச்சிக்கு அனுப்பினேன். "கிடைத்தது. நன்றி." என்று சேதி விட்டிருந்தார்.

அவருக்கு என்மேல் கோபம் இல்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லுகிறார். "சரி." "பார்த்தேன்." "அப்படியே செய்யலாம்." ஒருவேளை அந்த வரம்புக்குப் பயந்து எல்லாரிடமும் சுருக்கமாகப் பேசுகிறாரோ என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. மற்றவர்களுக்கு அவர் எடுபிடியிடம் விட்டுப்போகும் சேதிகளில் வாரம் தவறாமல் வெட்டுக்குறி விழுகிறது, நேற்று மட்டும் இரண்டு. நான் குறியைத்தான் பார்க்கிறேன், உள்ளே படிப்பதில்லை.

இரண்டாம் பதிப்புக்குச் சொற்கள் சேர்க்க வேண்டும். திரையின் ஓரத்தில் மேலும் கீழும் இழுக்கிற அந்தப் பட்டைக்கு இன்று வேண்டுமென்றே "உருட்டுக்கட்டை" என்று போட்டு அவருக்கு அனுப்பினேன். முன்பு என்றால் இந்தச் சொல் ஒரு மாதத்துக்குத் தாங்கும். யாரை அடிக்கப் போகிறீர்கள் என்று தொடங்கி, தொல்காப்பியம் வரை இழுத்து, எடுபிடி மூச்சுத் திணறுகிற மாதிரி எழுதித் தள்ளியிருப்பார். சண்டைக்குத் தயாராக, மத்தியானம் சமையலைக்கூடச் சீக்கிரம் முடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

பதில் இப்போதுதான் வந்தது. "உங்கள் சொல்லே இருக்கட்டும்."

மூல வரியையும் எடுத்துப் பார்த்துவிட்டேன். எதுவும் அறுபடவில்லை. முற்றுப்புள்ளி இருக்கிறது.